சிரிப்புக்கு யார் கையெழுத்து?

கூட்டம் என்றால் கபித்தலினா சாவிச்னா பதினொரு பென்சில் சீவுவார். பத்தும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. இரண்டு முனையும் சீவுவார்; ஒன்று மழுங்கினால் கண்ணை எடுக்காமல் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம். சீவுவதற்குப் பாதியாக உடைத்த சவரத் தகடு. சீவி முடித்ததும் ஒவ்வொரு முனையையும் இடது கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக இழுத்துப் பார்ப்பார். கோடு விழ வேண்டும், வலிக்கக் கூடாது. வலித்தால் கூர் அதிகம் என்று அர்த்தம். பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் ஒடிந்துவிடும். பிறகு பதினொன்றையும் மேசையின் வலப்பக்கம், ஒரு முனை ஜன்னலைப் பார்க்க, வரிசையாக வைப்பார். அவற்றில் ஒன்றை யாராவது காதில் செருகிக்கொள்ள எடுத்தால், "அதை வைங்க, அதுலதான் உங்க பேச்சு இருக்கு" என்பார். எடுத்தவர் வைத்துவிடுவார்.

வோல்கா கரையில் எங்கள் நகரத்து எழுத்தாளர் சங்கக் கிளைக்கு அவர்தான் சுருக்கெழுத்தாளர். வயது ஐம்பத்திரண்டு. தந்திக்காரர் மகள். ஜாரின் காலத்தில் தானிய வியாபாரிகள் கூட்டத்தில் எழுத ஆரம்பித்தவர். பிறகு புரட்சிக் கூட்டங்கள், பல் மருத்துவர் மாநாடு, படகோட்டிகள் சங்கம் என்று எழுதி எழுதி கடைசியில் இலக்கியத்துக்கு வந்து சேர்ந்தார். பல் மருத்துவர்கள்தான் தெளிவாகப் பேசினார்கள் என்று சொல்வார்.

அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். காதில் விழுந்ததை எழுதுவார். பேச்சை மட்டுமல்ல, அடைப்புக்குறிக்குள் போகும் சங்கதிகளையும்: கைதட்டல், நீண்ட கைதட்டல், சிரிப்பு, அரங்கில் சலசலப்பு. உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஒரு கமிசார் மேசைமேல் துப்பாக்கியை வைத்து, "என் பேச்சு முடியற இடத்துல புயல்போல் கைதட்டல்னு போடு" என்றாராம். கபித்தலினா "(கைதட்டல். கூரையை நோக்கி ஒரு துப்பாக்கிச் சத்தம்.)" என்று போட்டார். நடந்தது அதுதான். கமிசார் படித்துப் பார்த்துவிட்டு, "இதுவே நல்லாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பேசியவர்கள் மறுநாள் வந்து தங்கள் பேச்சைப் படித்துத் திருத்திக் கையெழுத்திடலாம். அது எங்கும் உள்ள வழக்கம். எங்கள் ஊரில் அந்த வழக்கத்துக்கு ஒரு வால் முளைத்திருந்தது: வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஒருவர் ஊறுகாய் வெள்ளரி கொண்டுவருவார், ஒருவர் இரண்டு ஆப்பிள். 'கைதட்டல்' என்பதை 'நீண்ட கைதட்டல்' ஆக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். மீன்பிடி கதைகள் எழுதும் கிழவர் அர்க்கிப் ஃபோமிச் ஒருமுறை முழு ஸாண்டர் மீன் ஒன்றைக் கருவாடாகக் கொண்டுவந்தார். கபித்தலினா அதை ஒரு வாரம் வைத்துச் சாப்பிட்டார். கைதட்டல் கைதட்டலாகவே இருந்தது.

"மீன் எப்படி இருந்துச்சு?" என்று அர்க்கிப் ஃபோமிச் கேட்டார்.

"நீண்டு இருந்துச்சு" என்றார் கபித்தலினா.

போர் முடிந்த மறுவருஷம், நாற்பத்தாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தீர்மானம் வந்தது. இலக்கியத்தில் சோர்வும் அவநம்பிக்கையும் பரவியிருக்கின்றனவாம். ஒவ்வொரு கிளையும் விவாதித்து, தன் வீட்டுக் குப்பையைத் தானே கூட்ட வேண்டும். எங்கள் கிளைச் செயலாளர் நிக்கானர் தெமியானவிச்சுக்கு இது பெரிய தலைவலி. கிளையில் மொத்தம் பதினான்கு பேர். பதினான்கு பேரும் நம்பிக்கையோடுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சோர்வு ஒன்றும் கிடைக்கவில்லை என்று மாஸ்கோவுக்கு எழுதினால், தேடியவனின் கண்ணில்தான் கோளாறு என்பார்கள். நிக்கானர் தெமியானவிச் சிவப்புப் பென்சிலோடு இரண்டு வாரம் உட்கார்ந்து எல்லோர் புத்தகத்தையும் படித்தார். அர்க்கிப் ஃபோமிச்சின் ஐந்து தொகுதிகளையும் படித்தார், மீன்தான் இருந்தது. கடைசியில் கிளெப் ஓஜகின் அகப்பட்டான்.

கிளெப் கண்ணிவெடி அகற்றும் படையில் இருந்து திரும்பியவன். இடது கையில் மூன்று விரல். ஒல்லியாக ஒரு கவிதைப் புத்தகம் போட்டிருந்தான். அதில் பதினேழாம் பக்கத்தில் ஒரு கவிதை:

வீடு போய்ச் சேர்ந்ததும் மூன்று நாள் தூங்குவேன்.
யாரும் எழுப்ப வேண்டாம்.
வெற்றியே வந்து கதவைத் தட்டினாலும்
அடுப்புப் பக்கம் உட்காரச் சொல்லுங்கள்,
குளிரில் வந்திருப்பாள்.

இதற்காக அவனைச் சங்கத்திலிருந்து நீக்குவது என்று ஏறக்குறைய பேசி முடிந்திருந்தது. நீக்கினால் அட்டை போகும். அந்தச் செப்டம்பரில்தான் ரொட்டி அளவைக் குறைத்திருந்தார்கள். கிளெப்புக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் உண்டு. எழுத்தாளர் என்ற பெயரில் வரும் உணவு அட்டையில்தான் நாலு பேர் சாப்பிட்டார்கள்.

கூட்டத்துக்கு, அழைக்கப்பட்ட நூலகப் பெண்களையும் ஆசிரியர்களையும் சேர்த்து, நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். சிவப்புத் துணி விரித்த மேசையில் நிக்கானர் தெமியானவிச். அவருக்கு வலப்பக்கம் நகரக் கட்சிக் குழுவிலிருந்து வந்த தோழர் சேபகோவ்: பெரிய உடம்பு, சேறு காயாத பூட்ஸ், கண்ணுக்குக் கீழே இரண்டு பை. கபித்தலினா தன் சிறு மேசையில். கூட்டம் தொடங்குமுன் கிளெப் அவரிடம் வந்து நின்றான்.

"அம்மா, என் பேரை உங்க எழுத்துல எப்படிப் போடுவீங்க?"

"ஒரு கொக்கி, ஒரு புள்ளி."

"அவ்வளவுதானா?"

"செயலாளருக்கும் அவ்வளவுதான். புள்ளி கொஞ்சம் மேல இருக்கும்."

நிக்கானர் தெமியானவிச் முதலில் பேசினார். போரிலிருந்து திரும்பும் சோவியத் வீரன் இடிந்த ஆலையைப் பார்ப்பான், வேலைக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வான். இந்தக் கவிதையின் வீரனோ பாயைத் தேடுகிறான் என்றார். அடுத்து விமர்சகர் தைசியா ரொதியோனவ்னா எழுந்தார். கணக்கோடு வந்திருந்தார்.

"மூணு நாள்னா எழுபத்திரண்டு மணி நேரம், தோழர்களே. நம்ம ஊர் ஆலையில ஒரு தறி இந்த நேரத்துல எத்தனை மீட்டர் நெய்யும்னு நான் நேர்லயே போய்க் கேட்டுட்டு வந்தேன். இதைப் படிக்கிற நெசவாளி என்ன நினைப்பா?"

"அவளும் தூங்கணும்னு நினைப்பா" என்று பின்வரிசையில் ஒரு குரல். கபித்தலினா "(இருக்கையிலிருந்து குரல்: அவளும் தூங்கணும்னு நினைப்பா.)" என்று எழுதிக்கொண்டார்.

கிளெப்பைக் கூப்பிட்டார்கள். அவன் மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே பேசினான்.

"அந்த வீரன் நான்தான். என் பக்கத்துல தோண்டிக்கிட்டு இருந்தவனும்தான். ரெண்டு பேரும் தூக்கத்தைப் பத்தித்தான் பேசுவோம், வேற பேச்சே கிடையாது. அவன் வரல. அதனால அவன் பங்கையும் சேர்த்து மூணு நாள்னு போட்டேன்."

உட்கார்ந்துவிட்டான். கபித்தலினாவின் பென்சிலும் நின்றது. அமைதிக்கு அடைப்புக்குறி கிடையாது.

பிறகு அர்க்கிப் ஃபோமிச். "எனக்கு ஒரு சந்தேகம், நிக்கானர் தெமியானவிச். வெற்றி பெற்ற வீரன் எத்தனை மணி நேரம் தூங்கினா சித்தாந்தப்படி சரி? கிளை ஒரு அளவு சொல்லிட்டா எழுதறவங்களுக்கு வசதியா இருக்கும்."

"எட்டு" என்றார் நிக்கானர் தெமியானவிச், யோசிக்காமல்.

"மத்தியானத் தூக்கமும் அதுல சேர்த்தியா?"

"விஷயத்துக்கு வாங்க."

"வந்துட்டேன். நான் மீனைப் பத்தி எழுதறவன். மீனுக்கு இமையே கிடையாது. கண்ணை மூடவே மூடாது. விழிப்புன்னு பார்த்தா அதுக்கு ஈடு யாரும் இல்ல. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

சிரிப்பு வர வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் சேபகோவின் முகத்தைப் பார்த்தார்கள். சேபகோவ் கையை நெற்றிக்கு முட்டுக்கொடுத்து, தலை குனிந்து, ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார்.

நிக்கானர் தெமியானவிச் முடிவுரைக்கு எழுந்தார். தாய்நாட்டைப் பற்றிப் பேசினார். வோல்காவைப் பற்றிப் பேசினார். குரலை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் சொன்னார்: "நாடு விழிச்சிருக்கும்போது உண்மையான கம்யூனிஸ்ட் தூங்க மாட்டான்."

அவருக்கு வலப்பக்கத்திலிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. சாதாரணக் குறட்டை இல்லை. மரம் அறுக்கிற ரம்பம் முடிச்சில் மாட்டிக்கொண்டு விடுபடுவது மாதிரி. மூன்று விநாடி அரங்கம் மூச்சை அடக்கிப் பார்த்தது. முடியவில்லை. முதலில் நூலகப் பெண்கள், பிறகு ஆசிரியர்கள், பிறகு மொத்தமும். நிக்கானர் தெமியானவிச் வலப்பக்கம் திரும்பவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன சிரிப்பு, தோழர்களே? இதுல சிரிக்க என்ன இருக்கு?"

இரண்டாவது குறட்டை பதில் சொன்னது.

நிலைமையைக் காப்பாற்றியவர் அர்க்கிப் ஃபோமிச். எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தார். புரிந்துகொண்டு எல்லோரும் எழுந்தார்கள், தட்டினார்கள், சேபகோவ் விழிக்கும்வரை தட்டினார்கள். அவர் கண் திறந்தார், கூட்டம் நின்று கைதட்டுவதைப் பார்த்தார், பழக்க தோஷத்தில் தானும் எழுந்து தட்டினார். "காரசாரமா இருந்துச்சு" என்று எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார். கிளெப் விஷயம், திருத்திய அறிக்கையை வைத்து வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுவில் முடிவாகும் என்று அறிவித்தார்கள்.

மறுநாள் காலையில் கபித்தலினா சொல்லச் சொல்ல ரிம்மா தட்டச்சு செய்தாள். ரிம்மா இளையவள், சிரிப்பு வந்தால் தட்டச்சுப் பொறியின்மேலேயே கவிழ்ந்துவிடுவாள்.

"குறட்டையைப் போடலையா, அம்மா?"

"விதிப் புத்தகத்துல குறட்டைன்னு ஒண்ணு கிடையாது. கைதட்டல், சிரிப்பு, சலசலப்பு, குரல். அது குரலான்னு யோசிச்சேன். வார்த்தை இல்லையே, விட்டுட்டேன்."

ஆக அறிக்கை இப்படி நின்றது: 'உண்மையான கம்யூனிஸ்ட் தூங்க மாட்டான். (அரங்கில் சிரிப்பு.)'

நிக்கானர் தெமியானவிச் அதைப் படித்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"கபித்தலினா சாவிச்னா, இந்தச் சிரிப்பை எடுத்துருங்க."

"நீங்க சிரிச்சீங்களா?"

"நான் எப்படிச் சிரிப்பேன்?"

"அப்போ அது உங்க பேச்சு இல்ல. அவங்கவங்க பேச்சை அவங்கவங்கதான் திருத்தணும். சிரிப்பு அரங்கத்தோடது. அரங்கத்தோட கையெழுத்தை வாங்கிட்டு வாங்க, எடுத்துடறேன். உங்களையும் தோழர் சேபகோவையும் விட்டா நாற்பத்தொரு பேர்."

"எதுக்குச் சிரிச்சாங்கன்னு மாஸ்கோவுல கேப்பாங்களே."

"அதையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டுடட்டுமா?"

"வேண்டாம்" என்றார் அவர் அவசரமாக.

கையெழுத்து வேட்டைக்குப் போய்ப் பார்த்தார். சிரிப்பை நீக்கச் சொல்லிக் கையெழுத்திட்டால், சிரித்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். யாரும் சிரித்திருக்கவில்லை. நூலகப் பெண்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். "எனக்கு வந்தது இருமல். இருமலுக்குக் கையெழுத்து கேட்டா போடறேன்" என்றார் அர்க்கிப் ஃபோமிச்.

மத்தியானம் திரும்பி வந்தவர், பேனாவை எடுத்துத் தன் வாக்கியத்தையே அடித்தார். 'உண்மையான கம்யூனிஸ்ட்' போயிற்று. கையெழுத்திட்டார். ரிம்மா அந்தப் பக்கத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்து கொடுத்தாள். இப்போது சிரிப்பு முந்தைய வாக்கியத்தின்மேல் உட்கார்ந்திருந்தது: 'நம் மகத்தான தாய்நாடு காயங்களிலிருந்து எழுகிறது. (அரங்கில் சிரிப்பு.)'

நிக்கானர் தெமியானவிச்சுக்கு வியர்த்தது. அந்த வாக்கியத்தையும் அடித்தார். சிரிப்பு வோல்காவின்மேல் ஏறியது. வோல்காவை அடித்தார். சிரிப்பு ஐந்தாண்டுத் திட்டத்தின்மேல் ஏறியது. வசந்தகால வெள்ளம் வீட்டுப்படி ஏறுவதுபோல அது ஒவ்வொரு வரியாக ஏறிக்கொண்டே போயிற்று. அவர் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேலே மேலே ஓடினார். முடிவுரையில் ஒரு வரி மிச்சமில்லை. 'என்ன சிரிப்பு, தோழர்களே' என்பதும் அவர் பேச்சுதான், அதையும் அடித்தார். ரிம்மா நான்கு தடவை தாள் மாற்றினாள்.

கடைசியில் சிரிப்பு அர்க்கிப் ஃபோமிச்சின் மீனிடம் வந்து நின்றது. அங்கே அது பொருத்தமாக இருந்தது. கைதட்டலும் கூடவே வந்து சேர்ந்துகொண்டது. 'விழிப்புன்னு பார்த்தா அதுக்கு ஈடு யாரும் இல்ல. அவ்வளவுதான் சொல்ல வந்தேன். (அரங்கில் சிரிப்பு. நீண்ட கைதட்டல். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.)'

அர்க்கிப் ஃபோமிச் அதைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை படித்தார். "பதினெட்டு வருஷமா எழுதறேன். எனக்கு யாரும் எழுந்து நின்னதில்ல" என்று சொல்லிவிட்டு, எட்டு மணி நேரம் பற்றிய தன் கேள்வியை அடித்து, மீனை மட்டும் வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

மாலைக்குள் இன்னொரு செய்தி பரவியது. கூட்டத்துக்கு முந்தைய மூன்று நாளும் சேபகோவ் தானியக் கொள்முதலுக்காகக் கிராமங்களில் சுற்றி, கண் மூடவே இல்லையாம். மூன்று நாள் என்ற சொல்லுக்கு இப்போது வேறு முகம் வந்துவிட்டது. தூக்கத்தைப் பற்றி யார் என்ன சொல்லியிருந்தாலும் அது அவரைக் குத்தியதாகப் படும். தைசியா ரொதியோனவ்னா சொந்த மைக்கூட்டோடு வந்தார்.

"என்னோட எழுபத்திரண்டு மணி நேரத்தை எடுத்துடணும்."

"உங்க பேச்சு. தாராளமா எடுங்க."

"எடுத்தா நான் எதுக்கு எழுந்தேன்னே தெரியாதே. எதையாவது போடணுமே."

"அது எனக்குத் தெரியாது. நான் கேட்டதைத்தான் எழுதுவேன். நீங்க திருத்தறதை நீங்கதான் எழுதணும்."

தைசியா ரொதியோனவ்னா பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, இரண்டாவது பத்தியில் சந்தம் தளர்ந்திருக்கிறது என்று எழுதினார். பின்னாலேயே நிக்கானர் தெமியானவிச் திரும்பி வந்து, தன் தொடக்க உரையில் பாய் தேடும் வீரனையும், கேள்வி போனபின் தனியாக நின்ற 'எட்டு' என்ற பதிலையும் எடுத்துவிட்டு, சந்தம் பற்றிய தோழர் தைசியாவின் கவலையைத் தானும் பகிர்ந்துகொள்வதாகச் சேர்த்தார். அவர் முதலில் பேசியவர், தைசியா பிறகுதான் பேசினார் என்பதை ரிம்மா சுட்டிக்காட்ட வாயெடுத்தாள். கபித்தலினா அவள் காலை மிதித்தார். இருக்கையிலிருந்து வந்த குரலுக்கு ஆள் யார் என்று தெரியவில்லை. நெசவாளி போனதும் அது எதைச் சொல்கிறது என்றும் தெரியாமல் போய்விட்டது. அது அப்படியே இருந்தது.

கடைசியாகக் கிளெப் வந்தான். கையில் ஒன்றுமில்லை. அதற்கு வெட்கப்பட்டு மூன்று விரல் கையைக் கோட்டுப் பையில் வைத்திருந்தான். தன் நாலு வரியைப் படித்தான்.

"எதையாவது மாத்தணுமா?" என்று கேட்டார் கபித்தலினா. முதல்முறையாக அவருக்கு ஒருவரைப் பார்த்து, மாற்றிவிடு என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. பேப்பரின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னதுதானே இது?"

"ஒரு எழுத்து கூடக் குறையல."

"அப்ப இருக்கட்டும்" என்று கையெழுத்திட்டான்.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுவின் முன் வந்த அறிக்கையில் கிளெப் ஓஜகின்மீது இருந்த ஒரே குற்றம், இரண்டாவது பத்தியில் சந்தம் தளர்ந்தது. கவிதையில் மொத்தமே ஒரு பத்திதான். அதை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தவர் சொல்லவில்லை. நடுவில் தன்னந்தனியாக, பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்தவனும் மூன்று நாளும் நின்றார்கள். எந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கேள்வியை எழுத வேண்டிவரும். சந்தத்துக்காக ஒருவனை நீக்க விதியில் இடமில்லை. தோழர் ஓஜகின் தன் கைத்திறனை மேலும் செப்பனிட வேண்டும் என்று ஆலோசனை கூறி, அட்டையை அவனிடமே விட்டுவைத்தார்கள். கபித்தலினா வாசலில் நின்று தன் கம்பளிச் சால்வையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் வெளியே வந்தான். அவரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டு போனான்.

"இதெல்லாம் வேணும்னேதானே செஞ்சீங்க?" என்றாள் ரிம்மா, தெருவில்.

"நான் என்ன செஞ்சேன்? எழுதினதெல்லாம் அவங்க, அடிச்சதெல்லாம் அவங்க."

"ஒரு சிரிப்பை எடுக்க நாற்பத்தொரு கையெழுத்துன்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"எடுக்கலாம்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

அடுத்த மார்ச்சில் மண்ணெண்ணெய் வரிசையில் கபித்தலினாவுக்கு முன்னால் கிளெப்பின் மனைவி ஊஸ்தியா நின்றாள். வரிசை நகராததால் பேச்சு நகர்ந்தது. அப்போதுதான் கபித்தலினாவுக்குத் தெரிந்தது. போரிலிருந்து வந்த நாளிலிருந்து கிளெப் ஒரு தடவைகூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லையாம். படுப்பான், எழுந்து சமையலறை முக்காலியில் போய் உட்கார்ந்துகொள்வான். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் சாய்ந்து, ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறான்.